பகலில் கண் டாக்டர், ராத்திரியில் ஒரு மொழி... ஜாமென்ஹோஃப் என்ற குடும்பஸ்தனின் கதை!

மொழி கத்துக்கிறதுக்காக டுயோலிங்கோ ஆப் வச்சிருக்கீங்களா? அதுல மொழிகளோட பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்க. ஸ்பானிஷ், பிரெஞ்ச், கொரியன் எல்லாம் தாண்டிப் போனா, பச்சை நிறத்தில் ஒரு நட்சத்திரத்தோட எஸ்பெராண்டோனு ஒரு பெயர் வரும். எந்த நாட்டோட மொழினு தேடினா பதில் கிடைக்காது. ஏன்னா அப்படி ஒரு நாடே கிடையாது. ஒரு தனி மனிதர் உட்கார்ந்து உருவாக்கி, 1887-ல் சொந்தக் காசுல, இல்ல இல்ல, மாமனார் காசுல அச்சடிச்ச மொழி அது.

அந்த மனிதரைப் பற்றி நெட்டில் தேடினால் மொழியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக வரும். அவர் ஒரு கண் டாக்டர் என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்தியது. ஏனென்றால் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி நேரம் செய்தது அந்த வேலையைத்தான். காலையில் எழுந்து, வரிசையில் காத்திருக்கும் ஏழைகளின் இமையைத் திருப்பிப் பார்த்து, மருந்து போட்டு அனுப்பி, அந்த வருமானத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மொழியெல்லாம் அதற்கப்புறம்தான், நோயாளிகள் போன பிறகு, குழந்தைகள் தூங்கிய பிறகு.

லுட்விக் லாசர் ஜாமென்ஹோஃப். போட்டோவில் பார்த்தால் வழுக்கைத் தலை, தாடி, சின்ன வட்டக் கண்ணாடி. நம்ம ஊர்ல கடைத்தெரு மாடியில் கிளினிக் வச்சிருக்கிற டாக்டர் மாதிரியே இருப்பார்.

நாலு பாஷை, நாலு சண்டை

1859 டிசம்பர் 15. பியாலிஸ்டாக் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது போலந்தில் இருக்கிறது. அப்போது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை, அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசின் கையில் இருந்தது. ஊரில் யூதர்கள் இத்திஷ் பேசினார்கள், போலந்துக்காரர்கள் போலிஷ், அதிகாரிகள் ரஷ்யன், ஒரு பகுதியினர் ஜெர்மன், சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள் பெலாரஷ்யன். ஒரே சந்தை, ஒரே தெரு. ஆனால் ஒருத்தருக்கு இன்னொருத்தரைக் கண்டால் ஆகாது. ஒரு யூதக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக, அந்த வெறுப்பில் பாதி தன் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார். இவங்களுக்குப் பொதுவா ஒரு பாஷை இருந்தா சண்டை குறையுமோ என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது. ஒரே பாஷை பேசுகிறவர்களும் அடித்துக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பத்து வயதுப் பையனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

அப்பா மார்க்குஸ் ஒரு மொழி ஆசிரியர். கண்டிப்பானவர். 1873-ல் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் படித்துக்கொண்டே பையன் ஒரு மொழியை உருவாக்க ஆரம்பித்தான். 1878 டிசம்பரில், பத்தொன்பதாவது பிறந்தநாளை ஒட்டி, பள்ளி நண்பர்கள் சிலரோடு கேக் வெட்டி அந்தப் புது மொழியின் பிறப்பைக் கொண்டாடினார்கள். அந்த மொழியிலேயே கொஞ்சம் பேசவும் செய்தார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. மகன் டாக்டராக வேண்டும். காரணமும் இருந்தது. அந்த ஆட்சியில் யூதர்களுக்குத் திறந்திருந்த தொழில்கள் கொஞ்சம்தான், அதில் மருத்துவம் ஒன்று. 1879-ல் மகனை மாஸ்கோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். போவதற்கு முன் அந்தக் கையெழுத்து நோட்டுகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். படிப்பு முடியும்வரை தொடக்கூடாது என்று ஒப்பந்தம். பிறகு அப்பா அந்த நோட்டுகளை எரித்துவிட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. காசு போதாமல் 1881-ல் மாஸ்கோவை விட்டு வார்சா பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தார். எரிந்ததை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தார். முன்பைவிட எளிமையாக.

மகனோட கனவை எரிச்ச அப்பா, கதையில வில்லனாகத்தான் வரணும். ஆனா இந்த அப்பா பின்னாடி வேறு மாதிரி திரும்பி வர்றார். கொஞ்சம் பொறுங்க.

ஜெனரல் டாக்டராக ஒரு தோல்வி

1885-ல் டாக்டர் பட்டம். முதல் வேலை வெய்செயாய் என்ற குட்டி ஊரில். இன்றைக்கு அது லித்துவேனியாவில் இருக்கிறது. சகோதரியும் அவர் கணவரும் அங்கே இருந்ததால் அவர்களோடு தங்கி வைத்தியம் பார்த்தார். சில மாதங்கள்தான் ஓடியது. காய்ச்சலில் சாகக்கிடக்கும் குழந்தை, பக்கத்தில் கதறும் அம்மா, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் இளம் டாக்டர். அவரால் தாங்கவே முடியவில்லை. ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லாத காலம் அது. டாக்டர் வந்தாலும் வராவிட்டாலும் பாதி நோய்களில் முடிவு ஒன்றுதான். ப்வோட்ஸ்க் என்ற இன்னொரு சிற்றூரிலும் கொஞ்ச நாள் இருந்து பார்த்தார். தனக்கு இது ஒத்துவராது என்று முடிவு செய்து, கண் மருத்துவத்துக்கு மாறினார்.

இதை நாம் பலவீனம் என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தனக்கு எது முடியாது என்று இருபத்தாறு வயதில் தெரிந்துகொள்வது சாதாரண விஷயமா? எத்தனை பேர் பிடிக்காத வேலையில் அறுபது வயசு வரைக்கும் உட்கார்ந்திருக்கிறோம்.

1886-ல் வியன்னா போய்க் கண் மருத்துவம் படித்தார். கண் மருத்துவத்துக்கு அப்போது வியன்னாதான் பெரிய இடம். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1884-ல், அங்கே கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். கோகெயின் கரைசலைக் கண்ணில் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும், நோயாளி முழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்யலாம். அதற்கு முன்னால் கண் ஆபரேஷன் என்றால் நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலைமை. ஆக, கண் டாக்டர்களின் கையில் நிஜமாகவே ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருந்த காலத்தில் அவர் அந்தத் துறைக்குள் நுழைந்தார். செத்துப்போகிற குழந்தைக்குப் பதில், பார்வை திரும்பி வீட்டுக்குப் போகிற மனிதர்.

அந்த வருடமே வார்சா திரும்பி கிளினிக் போட்டார். கூட்டம் வரவில்லை.

கல்யாணமும் புத்தகமும் ஒரே சீசனில்

1886-87 குளிர்காலத்தில் கிளாரா ஸில்பெர்னிக்கைச் சந்தித்தார். கோவ்னோ என்ற ஊர்க்காரப் பெண். இன்றைய கௌனாஸ். அப்பா சோப்பு ஃபேக்டரி முதலாளி. கிளாரா சகோதரி வீட்டுக்கு வார்சா வந்திருந்த இடத்தில் பழக்கம். மார்ச் 30-ல் நிச்சயம்.

இங்கே ஒரு விஷயத்தை அவர் நேர்மையாகச் செய்தார். நிச்சயத்துக்கு முன்பே கிளாராவிடம் தன் மொழியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதில் காசு வராது, போகத்தான் செய்யும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. கிளாரா சம்மதித்தார். அவர் அப்பா அலெக்சாண்டரும் சம்மதித்தார். வரதட்சணை 10,000 ரூபிள் என்று சொல்கிறார்கள். அதில் பாதி புத்தகத்துக்கு. மாப்பிள்ளை டாக்டர், க்ளினிக் போட்டுத் தரணும், வண்டி வேணும் என்று கேட்கிற நம்ம ஊர்க் கதைகளைக் கேட்டே வளர்ந்த எனக்கு, வரதட்சணைக் காசில் இலக்கணப் புத்தகம் அச்சடித்த மாப்பிள்ளையை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. வரதட்சணை வரதட்சணைதான், அது வேற விஷயம்.

1887 ஜூலை 26-ல் புத்தகம் வெளிவந்தது. ரஷ்ய மொழியில், சுமார் 40 பக்கம். 16 இலக்கண விதிகள், 900-க்கு மேற்பட்ட வேர்ச்சொற்கள். ஆகஸ்ட் 9-ல் கல்யாணம். புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. டாக்டர் எஸ்பெராண்டோ என்று புனைபெயர். நம்பிக்கையோடு இருப்பவர் என்று அதற்கு அர்த்தம். ஏன் புனைபெயர்? புதுசா கிளினிக் போட்டிருக்கும் டாக்டர் பாஷை கண்டுபிடிக்கிறார் என்று ஊருக்குள் தெரிந்தால் கண்ணைக் காட்ட யாராவது வருவார்களா? பின்னாளில் அந்தப் புனைபெயரே மொழியின் பெயராக ஒட்டிக்கொண்டது.

புது மாப்பிள்ளை, புதுப் பொண்ணு வீட்டில் நடந்த வேலை என்ன தெரியுமா? பார்சல் கட்டுவது. கிளாரா முகவரி எழுதி, புத்தகங்களை மடித்து ஒட்டி ஊர் ஊராக அனுப்பினார். ஒவ்வொரு புத்தகத்திலும் வெட்டி எடுக்கிற மாதிரி சில சீட்டுகள் இருந்தன. ஒரு கோடிப் பேர் இந்த மொழியைக் கற்பதாக வாக்குக் கொடுத்தால் நானும் கற்றுக்கொள்கிறேன் என்று அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கிட்டத்தட்ட ஆன்லைன் கையெழுத்து இயக்கம்தான், தபாலில். கோடி வரவில்லை. வந்தது ஓர் ஆயிரம். ஆனால் அந்த ஆயிரம் பேரில் பலர் கோடி வரும்வரை காத்திருக்கவில்லை. அந்த மொழியிலேயே பதில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1889-ல் அந்த முதல் ஆயிரம் பேரின் முகவரிகளை ஒரு சின்னப் புத்தகமாக வெளியிட்டார்.

மொழி எப்படி இருக்கும்னு ஒரு சின்ன சாம்பிள், டாக்டர் சம்பந்தப்பட்ட வார்த்தையாவே பார்ப்போம். சானா என்றால் ஆரோக்கியமான. முன்னாடி மல் சேர்த்தால் எதிர்ப்பதம், மல்சானா, நோயுள்ள. மல்சானுலோ, நோயாளி. மல்சானுலேயோ, நோயாளிகள் இருக்கும் இடம், அதாவது ஆஸ்பத்திரி. ஒட்டு மேல் ஒட்டு. தமிழில் போகிறவர்களுக்காகத்தான் என்று ஒரே சொல்லில் அடுக்கிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கண் டாக்டர்? ஓகுலிஸ்டோ.

ஹீட்டர் இல்லாத குளிர்காலம்

1888 ஜூனில் மகன் ஆடம் பிறந்தான். அடுத்த வருடம் டிசம்பரில் மகள் ஸோஃபியா. நடுவில் காசு முழுக்கத் தீர்ந்துவிட்டது. புத்தகத்துக்குப் போனது ஒரு பங்கு. இன்னொரு பங்கு எங்கே போச்சு? இங்கேதான் அப்பா திரும்பி வருகிறார்.

மார்க்குஸ் வாத்தியார் வேலையோடு அரசாங்கத்தின் தணிக்கை அதிகாரியாகவும் இருந்தார். பத்திரிகைகளை அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்க்கும் வேலை. அவர் விட்டுவிட்ட ஒரு கட்டுரையால் மேலிடத்தில் சிக்கல் ஆகி, வேலைக்கே ஆபத்து வந்தது. சிக்கலைத் தீர்க்கப் பெரிய தொகை தேவைப்பட்டது. மகன் தன்னிடம் மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். நோட்டுகளை எரித்த அதே அப்பாவுக்கு. இதை அவர் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. மூத்த பிள்ளை, கொடுத்தாகணும், கொடுத்தார். அவ்வளவுதான். மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

விளைவு, கையில் எதுவும் இல்லை. கிளாரா குழந்தையோடு அப்பா வீட்டுக்கு கோவ்னோ போனார். இவர் எங்கே கண் டாக்டர் இல்லையோ அந்த ஊரைத் தேடிக் கிளம்பினார். கருங்கடல் பக்கம் கெர்சான் என்ற ஊரில் கண் டாக்டர் இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி, 1889 கடைசியில் அங்கே போய் இறங்கினார். போனால், ஏற்கெனவே அங்கே ஒருவர் கிளினிக் வைத்திருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அறையைச் சூடாக்க விறகுக்குக் காசு இல்லாத நாள்கள், ராத்திரிச் சாப்பாடு இல்லாத நாள்கள். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இது எதையும் எழுதவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்ற ரீதியில்தான் எழுதினார். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போன அப்பாவோ மாமாவோ இருக்கும் வீட்டில் அந்தக் கடிதத்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஸோஃபியா பிறந்தது அந்தக் குளிர்காலத்தில்தான்.

கடைசியில் விஷயம் தெரிந்தது. மாமனார்தான் கை கொடுத்தார். 1890-ல் வார்சா திரும்பினார். இதே நேரத்தில் ஜெர்மனியில் ட்ரோம்பெட்டர் என்ற நில அளவையாளர், தானும் பெரிய பணக்காரர் இல்லை, எஸ்பெராண்டோ பத்திரிகையைக் காப்பாற்ற மாதம் 100 மார்க் தந்துகொண்டிருந்தார். அது சில வருடம் ஓடியது.

1893-ல் குடும்பத்தோடு க்ரோட்னோ போனார்கள். நேமன் நதிக்கரை ஊர், இன்று பெலாரஸில். அந்த ஊரில்தான் முதல்முறையாக வாழ்க்கை கொஞ்சம் சமாளிக்கிற மாதிரி இருந்தது. நோயாளிகள் வந்தார்கள், வாடகை கொடுக்க முடிந்தது, குழந்தைகள் அப்பாவோடு இருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அவர் எஸ்பெராண்டோவுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு 1894-ல் வெளியானது இந்த ஊரில் இருந்தபோதுதான். பகலில் கண்வலி, ராத்திரியில் டென்மார்க் இளவரசன். ஆனால் சின்ன ஊர், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அந்த வருமானம் காணாது. நாலைந்து வருடத்தில் மறுபடி வார்சா.

ஜிகா தெரு

இந்த முறை கிளினிக் போட்டது ஜிகா தெருவில், நம்பர் 9. வார்சாவின் ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பெரிய டாக்டர்கள் அங்கே கிளினிக் போட மாட்டார்கள். இவர் போட்டதற்குக் காரணமே அதுதான். அங்கே கண் டாக்டர் இல்லை, நோயாளிகள் ஏகப்பட்ட பேர்.

அந்தக் காலத்துக் கிழக்கு ஐரோப்பிய ஏழைப் பகுதிகளில் டிரக்கோமா என்ற கண்நோய் சர்வசாதாரணம். ஒரு பாக்டீரியா தொற்று. ஒரே துண்டு, ஒரே தண்ணீர், ஒரே படுக்கை என்று வாழும் வீடுகளில் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் பரவும். இமையின் உள்பக்கம் சொரசொரவென்று மணல் மாதிரி ஆகும். வருஷக்கணக்கில் விட்டால் தழும்பு விழுந்து, இமைமுடி உள்பக்கமாகத் திரும்பிக் கருவிழியைக் கீற ஆரம்பிக்கும். பிறகு பார்வையே போய்விடும். மருந்து என்றால் இமையைத் திருப்பி மயில்துத்தத்தால் தேய்ப்பது மாதிரியான எரிச்சல் வைத்தியங்கள், அதுவும் மாதக்கணக்கில். இதில் இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பகுதி மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம். நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கியதும் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பித்தான் மாட்டும் கொக்கியால் இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள். டிரக்கோமா இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தில் எல்லோரும் உள்ளே, ஒரு குழந்தை மட்டும் வெளியே என்றெல்லாம் நடந்தது. கண் என்பது அந்தத் தெரு மக்களுக்கு வெறும் பார்வை மட்டும் இல்லை.

ஜாமென்ஹோஃப் வாங்கியது மற்றவர்களைவிட மிகக் குறைந்த ஃபீஸ். அதுகூட இல்லாதவர்களிடம் அதையும் வாங்கவில்லை. அதனால் கூட்டம் அதிகம், காசு குறைவு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் பார்த்தால்தான் வீட்டுச் செலவு ஓடும். எங்கள் தெருவில் இப்படி ஒரு டாக்டர் இருந்தார். பாட்டிக்குக் கண்புரை என்று கூட்டிக்கொண்டு போனபோது அம்மா நீட்டிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் வீட்டில் கடைசிவரை பழைய ஸ்கூட்டர்தான். அந்த ஸ்கூட்டரைப் பற்றி அவர் மனைவி என்ன நினைத்தார் என்று இப்போது யோசிக்கிறேன்.

கிளாரா என்ன நினைத்தார் என்பதும் அதிகம் பதிவாகவில்லை. வீட்டுக் கணக்கு அவர் கையில். உலகம் முழுக்க இருந்து வரும் தபால் அவர் வீட்டு மேஜையில். 1904 ஜனவரியில் கடைக்குட்டி லிடியா பிறந்தாள். மூத்தவனுக்கும் அவளுக்கும் 15 வருடத்துக்கு மேல் இடைவெளி. கணவர் ராத்திரி வெகுநேரம் சிகரெட் புகைத்தபடியே எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் புகை பிறகு இதயத்தைப் பிடித்தது. உலக அமைதிக்காக உழைக்கிற மனிதரோட குடும்பத்துக்குப் பல நாள் அமைதி இருந்திருக்காது. இதையும் சொல்லித்தான் ஆகணும்.

வெளிச்சத்துக்கு வந்த டாக்டர்

1905 ஆகஸ்டில் பிரான்ஸின் பூலோன்-சூர்-மேர் என்ற கடற்கரை ஊரில் முதல் உலக எஸ்பெராண்டோ மாநாடு. 20 நாடுகளிலிருந்து 688 பேர். அதுவரை தபாலில் மட்டுமே பேசிய மொழியை முதல்முறையாக இத்தனை பேர் வாயால் பேசிப் பார்க்கிறார்கள். ஒருவருக்கொருவர் புரியுமா என்றே பலருக்குச் சந்தேகம். புரிந்தது. ஜிகா தெரு டாக்டரும் கிளாராவும் மூன்றாம் வகுப்பு ரயிலில் போயிருந்தார்கள். பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் டி ஆனர் விருது தந்தது.

அந்தப் பயணத்தில் அவர் பாரிஸில் பழகிய ஒரு மனிதர் பெயர் எமில் ஜாவால். அவரும் கண் டாக்டர், பெரிய விஞ்ஞானி. நாம் படிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது என்பதைக் கவனித்த ஆய்வுகள் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. அந்த மனிதரே கிளாகோமாவால் இரண்டு கண்ணையும் இழந்திருந்தார். பார்வை போன பிறகு எஸ்பெராண்டோவின் ஆதரவாளர் ஆனார். ஆனால் அவருக்கு ஒரு குறை. எஸ்பெராண்டோவின் சில எழுத்துகளுக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு குறி உண்டு. அது படிக்கிறவர் கண்ணுக்குச் சிரமம், எடுத்துவிடுங்கள் என்பது அவர் கட்சி. அவரும் இன்னொருவரும் சேர்ந்து, மொழியைச் சீர்திருத்த ஒப்புக்கொண்டால் பெருந்தொகை தர முன்வந்ததாக எஸ்பெராண்டோ வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது. ஜாமென்ஹோஃப் வாங்கவில்லை. மொழி தன் சொத்து இல்லை, பேசுகிறவர்களின் சொத்து, தனியாக மாற்றத் தனக்கு உரிமை இல்லை என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவர் நிலைப்பாடு. ஜிகா தெருவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு எடுத்த முடிவு இது.

அடுத்த ஆண்டு, 1906-ல், பிறந்த ஊரான பியாலிஸ்டாக்கில் யூதர்கள் மீது வெறியாட்டம் நடந்து பலர் கொல்லப்பட்டார்கள். அந்த வருடம் ஜெனீவா மாநாட்டில் அவர் அதைப் பற்றிப் பேசினார். மொழி வேறு, அரசியல் வேறு என்று நினைத்த சில ஆதரவாளர்களுக்கு அது தர்மசங்கடம். அவருக்கு இரண்டும் வேறாக இருந்ததே இல்லை. 1912-ல் க்ராகோவ் மாநாட்டோடு தலைவர் மாதிரியான இடத்திலிருந்து விலகிக்கொண்டார். வருடம் முழுக்க கிளினிக், வருடத்தில் சில நாள் மாநாடு. அதே ஓட்டம்.

1914 ஆகஸ்டில் பாரிஸில் பெரிய மாநாடு ஏற்பாடாகியிருந்தது. 3,700-க்கு மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். வார்சாவிலிருந்து கிளம்பி ஜெர்மனியின் கொலோன் வரை வந்த தம்பதிக்கு அங்கே தெரிந்த செய்தி, முதல் உலகப்போர். மேலே போக முடியாது, வந்த வழியே திரும்பவும் முடியாது. பெட்டி படுக்கைகளைத் தொலைத்து, ஸ்காண்டிநேவியா வழியாகச் சுற்றி வீடு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை. மகன் ஆடமும் அதற்குள் கண் டாக்டர். ஜிகா தெரு கிளினிக்கை ஆடம் எடுத்துக்கொள்ள, அப்பாவும் அம்மாவும் வேறு தெருவுக்குக் குடிபோனார்கள். 1915-ல் பழைய ஏற்பாடு முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். அது அச்சாகி வந்தது 1926-ல், அவர் பார்க்கவில்லை.

1917 ஏப்ரல் 14-ல் இதயம் நின்றது. வயது 57. போர் நடந்துகொண்டிருந்தது, வார்சா ஜெர்மன் ராணுவத்தின் பிடியில். உலகம் முழுக்க இருந்த எஸ்பெராண்டோ நண்பர்களில் பெரும்பாலானோரால் வர முடியவில்லை. வந்தவர்களில் நிறைய பேர் அவரிடம் கண்ணைக் காட்டிய அந்தப் பகுதி ஏழைகள். அவர்களுக்கு அவர் மொழி கண்டுபிடித்தவர் இல்லை, கண் டாக்டர்.

கிளாரா 1924 வரை இருந்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகத்தான் எழுத முடிகிறது.

ஆடம் வார்சாவின் யூத மருத்துவமனையில் கண் மருத்துவப் பிரிவின் தலைமைக்கு உயர்ந்தார். ஸோஃபியா டாக்டர் ஆனார், நிறைய குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். லிடியா நாடு நாடாகப் போய் எஸ்பெராண்டோ சொல்லிக்கொடுத்தார். 1937-ல் அமெரிக்கா போனவர், அடுத்த வருடக் கடைசியில் போலந்து திரும்பினார். 1939-ல் நாஜிகள் வார்சாவுக்குள் வந்தார்கள். எஸ்பெராண்டோவை யூதர்களின் சதி என்று ஹிட்லர் தன் புத்தகத்திலேயே எழுதியிருந்தார். ஜாமென்ஹோஃப் குடும்பத்தைத் தேடிக் கைது செய்தார்கள். ஆடமை 1940 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். ஸோஃபியாவும் லிடியாவும் 1942-ல் டிரெப்லிங்கா கொலை முகாமில் இறந்தார்கள். ரயிலில் ஏற்றப்படும் நோயாளிகளுக்கு ஒரு டாக்டர் தேவைப்படும் என்று நினைத்து ஸோஃபியா தானாகவே போனதாகவும் சொல்லப்படுகிறது.

அவர்கள் கிளினிக் இருந்த ஜிகா தெருப் பகுதிக்குப் போருக்கு முன்பே ஜாமென்ஹோஃப் தெரு என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தெரு யூத கெட்டோவுக்குள் மாட்டிக்கொண்டது. டிரெப்லிங்கா ரயிலுக்காக மக்களை ஓட்டிக்கொண்டு போன மைதானம் அந்தத் தெருவின் கடைசியில்தான் இருந்தது. லட்சக்கணக்கானவர்களில் பெரும்பகுதியினர் கடைசியாக நடந்தது அந்த டாக்டர் பெயர் கொண்ட தெருவில்.

ஆடமின் மனைவி வாண்டாவும், அவரும் கண் டாக்டர்தான், பதின்ம வயது மகனும் தப்பித்தார்கள். பையனுக்குத் தாத்தாவின் பெயரே, லுட்விக். உயிர் பிழைக்க அவனுக்குப் போலிஷ் பெயரில் போலிப் பத்திரம் கிடைத்தது, ஸாலெஸ்கி என்று. போருக்குப் பிறகு அவர் இன்ஜினீயர் ஆனார், பிரான்ஸில் குடியேறினார், கடலுக்குள் கட்டுமானங்கள் எழுப்பும் வேலை. 2019-ல் இறக்கும்வரை ஸாலெஸ்கி-ஜாமென்ஹோஃப் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே வைத்திருந்தார்.